முதல் மோப்பம்

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டிலைத் திறந்து நாலு டீக்கிளாஸில் ஊற்றி வைத்த பிறகு யாரும் கை வைக்கக் கூடாது. முதலில் நான் மோந்து பார்த்து என்ன மணம் என்று சொல்வேன். அடுத்து, காய்ச்சியவர் குடிப்பார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள். இந்த வழக்கத்தை நான் கொண்டுவரவில்லை. ஆனால் வந்தபின் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதில் ஒரு கித்தாப்பு இருந்தது, பொய் சொல்வானேன்.

மொத்தமே நாலு பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் டாக்டரம்மா வீட்டு மாடியறையில் கூடுவோம். வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பார்க்கும் கிறுக்கு முதலில் அவருக்குத்தான் பிடித்தது. அவரிடம் பல் பிடுங்கப் போன என் மச்சினன் அந்தக் கிறுக்கை வாங்கிக்கொண்டு வந்தான். மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். மூன்றாவது ஆள் திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிக்காரர். வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போய்விட்டுத் திரும்பும்போது பெங்களூரில் இறங்கி, சின்னச் சின்ன ஆலைகளில் காய்ச்சிய பீர்களைப் பனியனில் சுற்றிக் கொண்டுவருவார். அவர் காய்ச்ச மாட்டார். குடிப்பதும் பேசுவதும் அவர் பங்கு. நம் ஊரில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். அதனால் யார் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை, என் பெயர் உட்பட.

நான் நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லில் மக்காச்சோளம் கொள்முதல் பார்க்கிறவன். லோடு வந்து நின்றதும் சாக்கில் கம்பியைக் குத்தி, ஒரு பிடி சோளத்தை எடுத்து முகர்ந்து பார்த்து, இறக்கலாமா திருப்பலாமா என்று சொல்ல வேண்டும். மில்லில் லேப் இருக்கிறது. ஆனால் ரிசல்ட் வரும்வரை லாரி நிற்காது. அவசர நாளில் என் மூக்குதான் லேப். பூஞ்சை பிடித்த சோளத்தை ஆயிரம் மூட்டைக்குள் ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். பூஞ்சைச் சோளம் தீவனத்தில் போனால் கோழி சாகாமலும் வாழாமலும் தூங்கி விழும், முட்டை குறையும், பண்ணைக்காரன் தலையில் துண்டு விழும். இருபத்திரண்டு வருஷமாக அதைத் தடுத்துக்கொண்டிருந்தது என் மூக்கு.

மச்சினன் என்னை முதன்முதலாக அங்கே கூட்டிப்போன அன்று டாக்டரம்மா தன் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். நான் முகர்ந்துவிட்டு, "இதுல மழையில நனஞ்ச சாக்கு வாசம் அடிக்குதுங்க" என்றேன். வாய் சும்மா இருக்குமா எனக்கு? டாக்டரம்மா முகம் சுருங்கிவிட்டது. பிறகு உள்ளே போய் ஏதோ புத்தகத்தைப் புரட்டிவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணா, நீங்க சொன்னது கரெக்ட். பாட்டில்ல காத்து பூந்து பழசாயிட்டா ஈர அட்டை வாசம் வரும்னு போட்டிருக்கு. மத்தவங்க யாருமே கண்டுபிடிக்கல."

"அட்டையென்ன, சாக்கென்ன, ரெண்டும் நனஞ்சா ஒண்ணுதானுங்களே" என்றேன். அன்றிலிருந்து முதல் மோப்பம் என்னுடையது.

பீர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த மணங்களைச் சொன்னேன், அவ்வளவுதான். ரிக்காரர் கொண்டுவந்த ஒரு கோதுமை பீரில் ஆரஞ்சுத் தோலும் ஊறவைத்த கொத்தமல்லி விதையும் இருந்தன. ஒரு கறுப்பு பீரில் கருகிய காபிக்கொட்டைக்கு அடியில் புளி வைத்த பானை மணம் வந்தது. டாக்டரம்மா நன்னாரி போட்டுக் காய்ச்சிய ஒன்றை, "பஸ் ஸ்டாண்டு சர்பத்துக் கடை கல்லாப்பெட்டி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் குடித்துவிட்டு ஆமாம் ஆமாம் என்றார்கள். சொன்னதையெல்லாம் டாக்டரம்மா ஒரு நோட்டில் எழுதி வைத்தார். நாலு பேரும் கள்ளச்சாராயச் சாவுச் செய்திகளைப் படித்துப் பயந்தவர்கள் வேறு. பீரில் அந்தப் பயம் வேண்டாம் என்று டாக்டரம்மா எத்தனையோ தடவை விளக்கினார். இருந்தும், நான் முகர்ந்து தலையாட்டிய பிறகு குடித்தால்தான் அவர்களுக்கு நிம்மதி.

போன ஆடியில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாலே நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் நாள் காலையில் மனைவி காபி கொடுத்தாள். சுடுதண்ணீரில் சர்க்கரை போட்டாற்போல இருந்தது. கண்ணாடி டப்பாவிலிருந்து பெருங்காயத்தை எடுத்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. பூண்டை நசுக்கினேன். ஒன்றுமில்லை. குளியலறைக்குப் போய் பினாயில் மூடியைத் திறந்து மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். லேசாக ஒரு காரம் மட்டும் குத்தியது. மணம் இல்லை.

இரண்டு வாரத்தில் வந்துவிடும் என்றார் மூக்கு டாக்டர். வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. சொன்னால் மில்லுக்குப் போகும், மில்லுக்குப் போனால் வேலை போகும். மூக்கில்லாத கொள்முதல்காரனுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? சோளத்தைக் கையில் அள்ளி வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனேன். உண்மையில் விரலால் ஈரம் பார்த்தேன், பல்லால் கடித்துப் பார்த்தேன், மூட்டை இறக்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தேன். சந்தேகம் வந்த லோடைத் திருப்பினேன். சந்தேகம் வராததை இறக்கச் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, ஒவ்வொரு நாளும்.

பீர்க் கூட்டத்தில் ஏமாற்றுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. என்ன போட்டுக் காய்ச்சினீர்கள் என்று நைசாகக் கேட்டுக்கொள்வேன். நிறத்தைப் பார்ப்பேன், நுரையைப் பார்ப்பேன். கசப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரிந்தன. மீதியை வாய்க்கு வந்தபடி அடித்துவிட்டேன். புரட்டாசிக் கூட்டத்தில் ரிக்காரர் கொண்டுவந்த பாட்டிலைச் சும்மா முகர்ந்துவிட்டு, "பலாச்சுளை" என்றேன். ஏன் பலா என்றேனோ, வாயில் வந்தது.

டாக்டரம்மா கண்ணை மூடி முகர்ந்தார். "அட, ஆமாண்ணா! பலாவேதான்!"

"நானும் என்னமோன்னு பாத்தேன், பலாவுங்க" என்றார் ரிக்காரர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. நான் எதைச் சொன்னாலும் அவர்கள் மூக்கில் அதுவே ஏறியது.

அந்தக் கூட்டத்தில்தான் மச்சினன் முதன்முதலாகச் சொன்னான். "முட்ட கொறஞ்சுக்கிட்டே வருதுங்க மாமா. கோழியெல்லாம் ஒரு மாதிரி சொணங்கி நிக்குது. என்னன்னே தெரியல." அவன் பண்ணைக்குத் தீவனம் எங்கள் மில்லிலிருந்துதான் போகிறது. வெயிலாக இருக்கும் என்றேன் நான். புரட்டாசி வெயில் பொன்னையும் உருக்கும் என்று பழமொழி வேறு எடுத்துவிட்டேன். ஐப்பசியில் மழை பிடித்த பிறகும் முட்டை ஏறவில்லை. அப்போது தடுப்பூசிக் கோளாறாக இருக்கும் என்றேன். கடைசியில் அவன் ஒரு ஷெட் கோழி முழுவதையும் காலத்துக்கு முந்தியே கறிக்குத் தள்ளிவிட்டான். அந்த ஷெட் காலியாகிவிட்டது.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. மச்சினன் முட்டை அட்டைகளுக்கு நடுவே ஆறு பாட்டில்களைச் செருகிக் கொண்டுவந்தான். கம்பை வறுத்துப் போட்டு, சுக்கு தட்டிப்போட்டுக் காய்ச்சியது. ரெண்டு மாதமாக அவன் முகத்தில் காணாத வெளிச்சம் அன்று இருந்தது. கோழி போனாலும் இதுவாவது உருப்பட்டதே என்று நினைத்திருப்பான், பாவம்.

மூடியைத் திறந்தான். வழக்கமாக வரும் 'ஸ்ஸ்' சத்தம் வரவில்லை. ஊற்றினான். நுரை எழவில்லை, டீ டிகாஷன் போலத் தட்டையாக நின்றது.

"என்றா மாப்ள, உசிரே இல்ல?" என்றார் ரிக்காரர்.

"மூடி சரியா எறங்கலியாட்டம் இருக்குதுங்க. மணம் பாருங்க, அது சும்மா தூக்கும்" என்றான். கோழிப்பண்ணைக்காரனுக்கு மூக்கு பாதிதான் வேலை செய்யும். நாள் முழுக்கக் கோழி எச்சத்தின் காரத்தில் நிற்கிறவன். அவனே அதைச் சொல்லிச் சிரிப்பான். அதனால்தான் என்னை நம்பினான்.

நாலு கிளாஸும் நின்றன. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றை எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்தேன். மணம் இல்லை. ஆனால் மூக்குத் தண்டில் ஊசி குத்தினாற்போல ஒரு காரம் ஏறியது, கண்ணோரம் ஈரமானது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. நாலு மாதம் கழித்து என் மூக்கில் ஏதோ ஒன்று ஏறியிருக்கிறது! மூக்கு திரும்புகிறது என்றே நினைத்துவிட்டேன்.

"சுக்கு" என்றேன். "அருமையா ஏறியிருக்குது. அடியில வறுத்த கம்பு. பிரமாதம்டா மாப்ள. குடிங்க."

மச்சினன் முகம் மலர்ந்துவிட்டது. கிளாஸைத் தூக்கினான். வாய்வரை கொண்டுபோய் ஒரு நொடி நின்றான், கண்ணைச் சிமிட்டினான், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு வாய் பெரிதாக விழுங்கினான்.

டாக்டரம்மா தன் கிளாஸை முகர்ந்தார். சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தார். கண்ணில் தண்ணீர் கட்டியது. "காட்டமா இருக்குல்ல? எனக்கு என்னமோ காலேஜ் ஞாபகம் வருதுண்ணா" என்றார். மறுபடி முகர்ந்தார். "ம்… சுக்குதான் போல."

"பாட்டிலுந்தான் என்ன சுத்தம்னு நெனைக்கறீங்க?" என்றான் மச்சினன் பெருமையாக. "நீங்க பாட்டில் கிருமியே இல்லாம இருக்கோணும் இருக்கோணும்னு சொல்லுவீங்களே டாக்டர். போன வாரம் ஷெட்டுக்குப் புகை போட்டோம். பாட்டில எல்லாம் வாயத் தொறந்து முட்டத் தட்டுல நிறுத்தி உள்ள வெச்சுட்டேன். மூணு நாள். ஒரு கிருமி இருக்காது. மறுபடி கழுவுனா கெட்டுப்போயிரும்னு அப்படியே ஊத்திட்டேன்."

டாக்டரம்மாவுக்கும் ரிக்காரருக்கும் புகை என்றால் சாம்பிராணி மாதிரி ஏதோ ஒன்று. எனக்குத் தெரியும். காலி ஷெட்டைக் கழுவி, படுதா இறக்கி மூடி, ஃபார்மலினை ஆவியாக்கி விடுவது. அந்தப் பக்கம் நடந்தாலே கண் எரியும். பிணம் கெடாமல் வைக்கிற மருந்து. மூக்கு திரும்பவில்லை. விஷம் குத்தியதைத்தான் சுக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. அந்த நொடியில் நான் கத்தவில்லை. இப்போது 'குடிக்காதீர்கள்' என்றால், 'நீதானே முகர்ந்து பார்த்தாய்' என்று கேட்பார்களே. அதற்கு என்ன சொல்வது? பூச்சி விழுந்திருக்கிறது என்று சொல்லலாமா? கையைத் தட்டிவிட்டுத் தவறிப் பட்டாற்போல நடிக்கலாமா? அவர்களையும் காப்பாற்றி என் மானத்தையும் காப்பாற்ற ஒரு வழியைத் தேடினேன். ஒரு நொடியோ இரண்டு நொடியோ. அதற்குள் மச்சினன் இரண்டாவது வாயையும் விழுங்கிவிட்டான். டாக்டரம்மாவின் கிளாஸ் உதட்டைத் தொட்டது.

"குடிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே டாக்டரம்மா கையைத் தட்டிவிட்டேன். கிளாஸ் சுவரில் பட்டு உடைந்தது. மச்சினன் கையிலிருந்ததைப் பிடுங்கினேன். "துப்புடா! அது ஃபார்மலின்! ஷெட்டுக்குப் போடற புகை ஃபார்மலின்!"

டாக்டரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அதான்… அனாடமி ஹால் வாசம். அதான் எனக்குக் காலேஜ் ஞாபகம். ஈஸ்ட் செத்துப்போய்த்தான் நுரையே வரல." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணா, நீங்க மோந்து பாத்தீங்கல்ல?"

"எனக்கு மணமே தெரியாதுங்க" என்றேன். "ஆடியிலிருந்து தெரியாது. எல்லாம் நடிப்பு."

மச்சினன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "எரியுதுங்க மாமா" என்றான். அப்போதுதான் எல்லோருக்கும் கால் அசைந்தது. வாந்தி எடுக்க வைக்கலாமா என்றார் ரிக்காரர். வேண்டவே வேண்டாம், தொண்டை மறுபடி வெந்துவிடும் என்று டாக்டரம்மா அதட்டி, வாயைக் கொப்பளிக்க வைத்துக் கொஞ்சம் பால் கொடுத்தார். ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளித்தான். ரிக்காரர் காரை எடுத்தார். பின் சீட்டில் மச்சினன் என் மேல் சாய்ந்து கிடந்தான்.

"ஏனுங்க டாக்டர், என்னத்தக் குடிச்சான்னு கேப்பாங்களே? போலீஸ் கீலீஸ்னு…" என்று ஆரம்பித்தார் ரிக்காரர்.

"உள்ளதைத்தான் சொல்லப்போறேன்" என்றார் டாக்டரம்மா. "இன்னைக்குப் பொய் சொன்னது போதும்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்துச் சொல்லியிருந்தால் தேவலை.

உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தொண்டையிலும் வயிற்றிலும் சிவந்திருக்கிறது, ஓட்டை விழவில்லை, பாட்டிலில் ஒட்டியிருந்தது கொஞ்சம்தான், தப்பித்தார் என்றார்கள். ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்புகிறோம் என்றார்கள். நான் வராண்டாவில் குந்திக்கொண்டு அழுதேன். ரிக்காரர் தோளைத் தட்டிவிட்டு டீ வாங்கப் போனார். என் மனைவி பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தாள். நான் போனில் சொன்னதற்கு அவள், "நாலு மாசமா நான் கொடுத்த சாப்பாட்ட நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னதெல்லாம்?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள்.

சாயங்காலம் மச்சினன் கண் விழித்தான். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குரல் அவனுக்குக் காற்றாகத்தான் வந்தது.

"கிளாஸத் தூக்கறப்பவே கண்ணு எரிஞ்சுதுங்க மாமா" என்றான். "குடிக்கலாமா வேண்டாமான்னு ஒரு யோசன. நீங்க சுக்குன்னு சொன்னீங்களேன்னு குடிச்சுட்டேன்."

"என்னைத் திட்டீருடா மாப்ள" என்றேன்.

அவன் திட்டவில்லை. மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு, "எப்போலிருந்து தெரியலைன்னீங்க?" என்று கேட்டான்.

"ஆடியிலிருந்து."

ஊசி குத்தியிருந்த கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். ஆடி, ஆவணி, புரட்டாசி. புரட்டாசி விரலில் நின்றுவிட்டான். மெதுவாக என் பக்கம் தலையைத் திருப்பினான்.

"மாமா, அப்போ எங்கோழிக?"

எழுந்து வராண்டாவுக்குப் போய் மில் முதலாளிக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கெழமையில என்னங்க?" என்றார் அவர்.

"நாளைக்கு வர்ற லோடு எதையும் எறக்க வேண்டாமுங்க. ஆடிக்கு அப்புறம் நான் இறக்கச் சொன்ன சோளம் மிச்சமிருந்தா எல்லாத்தையும் லேபுக்கு அனுப்போணும். எனக்கு நாலு மாசமா மூக்கு வேல செய்யலீங்க. உங்ககிட்ட மறச்சுட்டேன்."

போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"அந்தத் தீவனம் எத்தன பண்ணைக்குப் போயிருக்குதுங்க?" என்று கேட்டார்.

கதவு பாதி திறந்திருந்தது. மச்சினன் மடக்கிய விரலைப் பிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"ஒரு பண்ணை எனக்குத் தெரியுமுங்க" என்றேன்.